காற்றாலை சுற்றினால் கிழக்கு, நின்றால் மேற்கு: கொங்கு நாட்டிலிருந்து அலைச்சறுக்குக்கு எந்த ஊர்?

கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்கு எந்தத் திசையில் கிளம்பினாலும் கடல் தூரம்தான். கிழக்கே மாமல்லபுரம் கோவையிலிருந்து 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேற்கே வர்க்கலை 350 அளவுக்கு வரும். மலை என்றால் பிரச்சினையே இல்லை. ஊட்டியோ வால்பாறையோ ஏற்காடோ, காலையில் கிளம்பி இரவு வீட்டில் வந்து சாப்பிடலாம். கடலுக்கு அப்படி முடியாது. லீவு சொல்லி, டிக்கெட் போட்டு, இரண்டு இரவாவது ஒதுக்க வேண்டும். அலைச்சறுக்கு கற்றுக்கொண்டு மீதி நேரம் சும்மா கிடக்கலாம் என்று போகிறவர்கள் ஊரை மாற்றித் தேர்ந்துவிட்டால், அலையும் கிடைக்காது, சும்மா கிடக்கவும் முடியாது.

"சர்ஃபிங் போலாம்னு இருக்குதுங்க, எந்த ஊருக்குப் போறது?" என்று யாராவது கேட்டால் நான் ஊர்ப்பெயர் சொல்வதில்லை. எந்த மாசம் போறீங்க என்றுதான் முதலில் கேட்பேன். ரீல்ஸில் பார்த்த ஊரை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. ஆனால் கடற்கரை ஊர்களைப் பொறுத்தவரை மாதம்தான் பாதி முடிவு. அந்த மாதக் கணக்கு நம்மூர்க்காரர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்கு.

பல்லடத்திலிருந்து உடுமலை போகும் சாலையில் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். வைகாசியில் வேகம் பிடித்து, ஆனி, ஆடி, ஆவணி முழுக்க விடாமல் சுற்றும். புரட்டாசியில் சோர்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மழையைக் கொட்டிவிட்டு, சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் பாய்கிறது. நாம் மேக்காத்து என்று சொல்வது அதைத்தான். இதே காற்று கேரளக் கரையில் கடலிலிருந்து தரையை நோக்கி அடிக்கிறது. அங்கே அலை பெரிதாகவும் இருக்கும், கலங்கலாகவும் இருக்கும். ஒரு அலை எங்கே தொடங்கி எங்கே உடைகிறது என்றே தெரியாது. கற்றுக்குட்டி இறங்கவே கூடாத கடல் அது.

அந்தக் காற்று தமிழ்நாட்டைக் கடந்து சோழமண்டலக் கரைக்குப் போய்ச் சேரும்போது திசை மாறுவதில்லை. ஆனால் கரையின் முகம் மாறிவிடுகிறது. கிழக்குக் கரையில் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று. கரைக்கு வரும் அலையை எதிரே நின்று தாங்கிப் பிடிக்கிறது. அதனால் அலை பொத்தென்று மொத்தமாகச் சரியாமல் நிமிர்ந்து நின்று, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வரிசையாக உடைகிறது. சறுக்குகிறவர்கள் தேடுவது இந்த மாதிரி அலையைத்தான். போதாததற்கு, அதே மாதங்களில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலிருந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, நீண்ட அலைகள் வடக்கே வருகின்றன. ஆடியில் நம் வீட்டுக் கொடியில் காய்கிற துணியைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்று, விடிகாலை மாமல்லபுரத்தில் அலையைச் செதுக்கிக்கொண்டிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் கிழக்குக் கரையைப் பிடித்துக்கொள்ளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த நாட்களில் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். சின்ன அலை, தெளிந்த நீர், காலையில் காற்றே இல்லாத கடல். ஆக, காற்றாலை சுற்றுகிற காலத்தில் கிழக்கு, நிற்கிற காலத்தில் மேற்கு. இதில் இரண்டுங்கெட்டான் மாதங்கள் உண்டு. தை, மாசியில் இரு கரையிலும் இறங்கலாம்; கிழக்கே அலை கொஞ்சம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். சித்திரை, வைகாசி பற்றிப் பின்னால் சொல்கிறேன். பள்ளி விடுமுறை என்பதால் பலர் அப்போதுதான் போகிறார்கள். கவனமாக இருக்க வேண்டியதும் அப்போதுதான்.

கிழக்கே: மாமல்லபுரமும் கோவளமும்

ஆடி மாதத்தில் நமக்கு முகூர்த்தம் கிடையாது. மொய் எழுத வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. கொங்கு நாட்டில் ஒரு வார இறுதி முழுசாக நம் கைக்கு வருவது அந்த ஒரு மாதத்தில்தான். கடலும் அப்போது கிழக்கே தயாராக இருப்பது நல்ல பொருத்தம்.

காரில் போவதென்றால் சென்னைக்குள் நுழையவே வேண்டாம். சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். ஈரோட்டிலிருந்து 400 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இரவு பஸ்ஸில் போகிறவர்கள் கிளாம்பாக்கம் வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. பஸ் உளுந்தூர்பேட்டை வழி என்றால் செங்கல்பட்டிலேயே இறங்கிவிடலாம், அங்கிருந்து முப்பது கிலோமீட்டர்தான். ரயில் என்றால் சேரன், நீலகிரி, ஈரோட்டுக்காரர்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் எல்லாமே சென்ட்ரலில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மறுபடி தெற்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் டவுன் நெரிசலில் வர வேண்டும். வந்தே பாரத் 2023 ஏப்ரலில் வந்தபின் நேரம் குறைந்தது உண்மைதான்; ஆனால் அது பகல் வண்டி, காலைக் கடல் போய்விடும். அலைக்குப் போகிறவர்களுக்குக் காலை போனால் நாளே போன மாதிரி. பகலேறக் கடல்காற்று கிழக்கிலிருந்து திரும்பி அடிக்க ஆரம்பிக்கும். கண்ணாடி மாதிரி இருந்த நீர் சொரசொரவென்று ஆகிவிடும். வகுப்பை ஆறு, ஆறரை மணிக்குப் போடச் சொல்லுங்கள்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே அலை நீண்டு உடைகிறது. எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் விமானத்தைக் கரையிலிருந்து பார்க்காதவர் யாரும் இல்லை. பலகையில் படுத்தபடி கடலிலிருந்து பார்ப்பது வேறு அனுபவம். ஊர் உலகப் பாரம்பரியச் சின்னமானது 1984-ல். அலைச்சறுக்கு வரைபடத்தில் ஏறியது அண்மையில்: 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி ஒன்று இங்கே நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தபோது ரமேஷ் புதிஹால் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வாங்கினார்; அந்தப் போட்டியில் இந்தியர் ஒருவர் வாங்கிய முதல் தனிநபர் பதக்கம் அது. இரண்டு போட்டிக்கும் ஆகஸ்டைத் தேர்ந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். காற்றாலைக் கணக்கு வேலை செய்கிறது.

இங்கே கற்றுத்தருகிறவர்கள் பெரும்பாலும் மீனவர் குடியிருப்புப் பையன்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு, நமக்குப் பின்னால் கடலைப் பார்த்தபடி இருப்பார்கள். நாம் குப்புறப் படுத்துக் கரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். பின்னால் வருவது நமக்குத் தெரியாது. "இது வேணாண்ணா... இதுவும் வேணாம்... ம், இது! கையப் போடுங்க, போடுங்க, எந்திரிங்க!" என்று கத்தி, ஒரு தள்ளு. உள்ளங்கையை நெஞ்சுக்குப் பக்கத்தில் ஊன்றி, முழங்கால் போடாமல், ஒரே மூச்சில் பாதங்களை முன்னே கொண்டுவந்து நிற்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் செய்கிற தப்பு இரண்டுதான்: முழங்கால் போட்டுவிட்டு எழுந்திருப்பது, காலைக் குனிந்து பார்ப்பது. குனிந்தால் தலை போகிற பக்கம் உடம்பும் போய்விடும். எதிரே கரையில் ஒரு படகையோ கம்பத்தையோ வைத்துக்கொண்டு அதையே பார்த்து எழுந்தால் பாதி வேலை முடிந்தது. பலகையோடு சேர்த்துக் கணுக்காலில் கட்டிய லீஷ் கயிறு இழுக்கும்போதுதான் நாம் விழுந்ததே உறைக்கும். அதற்குள் வாயெல்லாம் உப்பு.

வகுப்பு நேரம் போக மீதி நாளுக்கும் மாமல்லபுரத்தில் பஞ்சமில்லை. ஒத்தவாடைத் தெருவில் காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டே பகலை ஓட்டலாம். அம்மா அப்பாவைக் கூட்டிப் போனால் அவர்களுக்கு ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, திருக்கழுக்குன்றம் மலை என்று ஒரு நாள் ஓடிவிடும். சாப்பாட்டுச் சண்டை வராது, இட்லியும் கிடைக்கும், இறாலும் கிடைக்கும். குறை என்றால் சனி, ஞாயிறு சென்னை மொத்தமும் இங்கே இறங்கிவிடும். காணும் பொங்கலன்று அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வடக்கே இருபது கிலோமீட்டரில் இருக்கும் கோவளம் இதைவிடச் சின்ன ஊர். மாதா கோயில், தர்கா, படகுகள், மீன் ஏலம். மூர்த்தி மேகவன் என்ற உள்ளூர் மீனவர் 2012-ல் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளிதான் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. சர்ஃபிங்கைச் சுற்றிப் போட்டி, இசை, யோகா என்று அடுத்த ஆண்டே ஒரு திருவிழாவும் ஆரம்பித்தார்கள். 2021-ல் சுத்தத்துக்கும் வசதிக்கும் தருகிற நீலக்கொடிச் சான்று கிடைத்த கடற்கரை என்பதால் குளிக்க, உடை மாற்ற வசதி இருக்கிறது. பெண்கள் கூட வந்தால் இது சின்ன விஷயமே இல்லை. "கத்துக்கணும், வேற எதுவும் வேண்டாம்" என்கிறவர்களுக்கு என் ஓட்டு மாமல்லபுரத்துக்கு இல்லை, கோவளத்துக்குத்தான். பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் மறுநாளும் காலையில் எழுந்து கடலுக்குள்தான் போவீர்கள்.

ரூம் போடும்போது ஒரு எச்சரிக்கை. கோவளம் என்ற பெயரில் திருவனந்தபுரம் பக்கம் ஒன்று, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒன்று. இரண்டிலும் அலைச்சறுக்கு உண்டு, இரண்டுக்கும் நடுவே எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று வேறு இருக்கிறது. ஆப்பில் விலை மலிவாகத் தெரிகிறதே என்று அவசரப்பட்டு அமுக்கிவிடாதீர்கள்.

மேற்கே: வர்க்கலை

சும்மா இருக்கத்தான் போகிறேன், அலை இரண்டாவதுதான் என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால் வர்க்கலைக்குத்தான் அனுப்ப வேண்டும். கடலை ஒட்டிச் செம்பாறைக் குன்று செங்குத்தாக எழுந்து நிற்கிறது. கேரளக் கரை பெரும்பாலும் தட்டையானது. இப்படிப் பாறைச் சுவர் கடலில் போய் நிற்பது அபூர்வம் என்பதால் புவியியல் துறையினர் இதைப் பாதுகாக்க வேண்டிய நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். இந்தப் படிவுக்கே அவர்கள் ஊர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். குன்றின் விளிம்பில் ஒரு நடைபாதை. காரும் இல்லை, ஆட்டோவும் இல்லை. ஒரு பக்கம் கடைகள், ஒரு பக்கம் ஆகாயம். ஒரு கடையில் டீ, அடுத்த கடையில் புத்தகம், அதற்கடுத்த கடையில் தூக்கம் என்று பகல் முழுக்க நகர்ந்துகொண்டிருக்கலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள்.

திருப்பூரில் ஷிப்மெண்ட் தேதியோடு மல்லுக்கட்டுகிற ஆட்கள் இங்கே வந்து முதல் நாள் படுகிற பாடு தனி. மணி பார்ப்பார்கள், ஆர்டர் பண்ணிய தோசை ஏன் இன்னும் வரவில்லை என்று எட்டிப் பார்ப்பார்கள். வர்க்கலையில் தோசை அதன் நேரத்துக்குத்தான் வரும். மறுநாள் சரியாகிவிடுவார்கள்.

அலைக்குக் குன்றின் கீழே பாபநாசம் கடற்கரை, வடக்கே ஓடையம், இடவா, அதையும் தாண்டிக் காயலும் கடலும் ஒட்டிக்கொண்டிருக்கும் காப்பில். பள்ளிகள் பெரும்பாலும் உங்களை அன்றைய கடலைப் பார்த்து இதில் ஏதாவது ஒன்றுக்குக் கூட்டிப் போகும். கார்த்திகையிலிருந்து மாசி வரை அலை சாந்தமானது; நுரைத்தண்ணியில் எழுந்து நிற்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிடப் பொறுமையான வாத்தியார் கிடையாது. ஆனால் ஓரளவு நிற்கத் தெரிந்தவர்கள் ஜனவரியில் போய் "அலையே இல்லீங்களே" என்று உட்கார்ந்திருப்பதும் உண்டு. அவர்களுக்கு ஆகஸ்டு மாமல்லபுரம்தான் ஒத்துவரும்.

பாபநாசம் பெயருக்கேற்ற இடம். ஜனார்த்தன சுவாமி கோயிலுக்கு வருகிறவர்கள் இங்கேதான் பித்ரு கடன் கழிக்கிறார்கள். நம் ஆடி அமாவாசையை ஒட்டி வரும் கர்க்கடக வாவு நாளில் கரை நிரம்பி வழியும். அந்தக் கரையில் அரைக்கால் சட்டையோடு பலகையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடக்காமல் கொஞ்சம் தள்ளிப் போவது மரியாதை. பக்கத்திலேயே சிவகிரியில் நாராயண குருவின் சமாதி இருக்கிறது. பெரியவர்கள் கூட வந்தால் ஒரு காலை அங்கே போகும்.

நமக்கு வர்க்கலையின் பெரிய வசதி ரயில். பெங்களூரு - கன்னியாகுமரி ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஈரோடு, திருப்பூர், கோவை வழியாக நேராக வர்க்கலை சிவகிரி நிலையத்தில் கொண்டுபோய் இறக்குகிறது. நம்மூரில் ஏறுவது அகால நேரம்தான், ஆனால் மாற வேண்டியதில்லை. காரில் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாலக்காடு, திருச்சூர் தாண்டும் வரை ஓட்டலாம். எறணாகுளத்துக்குத் தெற்கே ஊர் முடிவதே தெரியாமல் அடுத்த ஊர் வந்துகொண்டிருக்கும், 350 கிலோமீட்டர் ஒரு பகலைத் தின்றுவிடும். டிக்கெட் விஷயத்தில் ஒன்று: கார்த்திகை ஒன்று தொடங்கி மகரவிளக்கு வரை இந்தத் தடம் முழுக்க ஐயப்ப பக்தர்கள். பொங்கலுக்குப் போகிறவர்கள் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யாவிட்டால் படிக்கட்டில்தான் இடம். டிசம்பர் கடைசி வாரம் குன்றின் மேல் ரூம் வாடகை எகிறிவிடும். ஜனவரி பாதிக்கு மேல் இறங்கும். ஆனி, ஆடியில் போனால் பாதிக் கடைகளுக்குத் தட்டி கட்டியிருக்கும்.

மற்ற ஊர்கள்

முல்கி பற்றி நம் பக்கம் அதிகம் பேருக்குத் தெரியாது. மங்களூருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டரில் சாம்பவி ஆறு கடலில் சேர்கிற இடம். ஜாக் ஹெப்னர் என்ற அமெரிக்கர், சாமியார்; 2004-ல் இங்கே ஆசிரமத்தோடு சேர்த்து அலைச்சறுக்கு மன்றம் ஒன்றை ஆரம்பித்தார். இந்தியாவில் இதை முறையாகக் கற்றுத்தருவது இங்கிருந்துதான் பரவியது என்றே சொல்லலாம். சாப்பாடு சைவம், மது கிடையாது, விடியலில் எழுந்தாக வேண்டும். மீன் வாடையே ஆகாத சுத்த சைவக் குடும்பத்துப் பிள்ளைகளை "கடலுக்கா, அங்கெல்லாம் என்ன சாப்பிடுவே?" என்று ஆத்தா தடுக்கும்போது சொல்ல இது நல்ல பதில். கோவையிலிருந்து மங்களூருக்குப் பகல் வண்டி உண்டு. வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸ் ஈரோடு, திருப்பூரையும் தொட்டுப் போகிறது. விலை மற்ற ஊர்களைவிடக் கூடுதல். சனி, ஞாயிறுக்குப் போகிற ஊர் இல்லை இது, ஒரு வாரம் கிடைத்தால் போகலாம். ஐப்பசி முதல் சித்திரை வரை.

புதுச்சேரியை எல்லோரும் முதலில் சொல்வார்கள், நான் கடைசியில் வைப்பேன். அங்கே அலைக்குப் போகும் செரினிட்டி பீச் உண்மையில் புதுச்சேரியில் இல்லை. கோட்டக்குப்பம் பக்கம் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிறது. நம் கரையில் மணல் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. எண்பதுகளின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல்சுவர் கட்டியபோது அந்த மணல் தெற்கே தேங்கிவிட்டது, வடக்கே கரை அரிபட்டது. நகரத்துக்கு முன்னால் செயற்கைப் பாறைத்திட்டு போட்டுக் கொஞ்சம் மணலை மீட்டார்கள். வடக்கே குப்பங்களுக்கு முன்னால் கிடப்பது பாறாங்கல் தடுப்புகள். அந்தக் கற்களை ஒட்டி நல்ல அலை உடைகிறது, தெரிந்தவர்களுக்கு. முதல் நாள் கற்றுக்கொள்கிறவர் கல்லுக்குப் பக்கத்தில் விழுந்து பழகத் தேவையில்லை. அது போக, வெள்ளிக்கிழமை இரவு புதுச்சேரிக்கு வருகிற கூட்டத்தில் பாதி அலைக்காக வருவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஊர் அழகு, சாப்பாடு அருமை. அதற்காகப் போங்கள்.

ராமேஸ்வரத்துக்குத்தான் நம் வீடுகளில் அடிக்கடி போகிறோம், அங்கேயே கற்றுக்கொள்ளலாமே என்று கேட்கிறவர்களுக்கு: இலங்கை தெற்கிலிருந்து வரும் அலையை மறைத்துவிடுகிறது. பாக் நீரிணை ஏரி மாதிரிதான் கிடக்கும். அங்கே காற்று உண்டு, அலை இல்லை. பட்டம் கட்டிப் பலகையில் போகிற கைட் சர்ஃபிங்குக்கு ஏற்ற இடம். அது வேறு கலை, வேறு செலவு.

பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அந்த இலங்கையின் கிழக்குக் கரைக்கே போகலாம். அறுகம்பே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, நம் காற்றாலைக் காலத்திலேயே விழித்திருக்கும் ஊர். பக்கத்துப் பொத்துவிலில் தமிழிலேயே பேரம் பேசலாம். ஆனால் கொழும்பில் இறங்கித் தீவையே குறுக்கே கடக்க வேண்டும். பலகையில் எழுந்து நிற்கவே தெரியாமல் அவ்வளவு தூரம் போவது வீண்.

கிணற்று நீச்சலும் கடலும்

நம்மில் பலர் கிணற்றில் கற்றவர்கள். இடுப்பில் சுரைப்புருடையோ டியூபோ கட்டி மாமன் தூக்கிப் போட்டிருப்பார். பிறகு வாய்க்கால், கொடிவேரி, பவானி. அந்தத் தைரியத்தில் கடலில் இறங்குகிறவர்கள்தான் எனக்குப் பயம். கிணற்றில் நாலு கை போட்டால் படி வந்துவிடும், தண்ணீர் நம்மை எங்கும் கொண்டுபோகாது. கடலில் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். அந்த வழியில் அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும். அலையில்லாத இடம்தானே என்று அங்கே இறங்கினால் அது உள்ளே இழுத்துக்கொண்டு போகும். எதிர்த்து நீந்தினால் எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் களைத்துவிடுவான். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அதோடு சேர்ந்து கரைக்கு வர வேண்டும். வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்காத பள்ளி எனக்குப் பள்ளியே இல்லை.

சித்திரை, வைகாசிக்கு வருகிறேன். அந்த மாதங்களில் சில நாள் நம் கரையில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தென்கோடியில் அடித்த புயலின் அலை பல நாள் கழித்து வந்து திடீரென்று கரையேறும். கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்துக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். அப்போது இந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். பயிற்றுநர் இன்று வேண்டாம் என்றால் கட்டிய காசை நினைத்து வாதாடாதீர்கள்.

திருப்பூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் பெருமைதான், ஆனால் காட்டன் டீசர்ட்டோடு கடலில் இறங்காதீர்கள். நனைந்து கனத்துத் தொங்கும், பலகையில் படுத்து எழுந்து படுத்து எழுந்து அக்குளும் நெஞ்சும் சிவந்துவிடும். உடம்போடு ஒட்டுகிற பாலியஸ்டர், ஸ்பாண்டெக்ஸ் ரகத்தில் முழுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் பிடிப்பது முகத்தில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். குப்புறப் படுத்திருக்கும்போது முழங்காலுக்குப் பின்புறம்தான் வேகும்.

யாருக்கு எது

வேலைக்குப் போகிற நாலைந்து நண்பர்கள், ஆடியில் ஒரு சனி, ஞாயிறு என்றால் கோவளம். கோவளத்தில் ரூம் கிடைக்காவிட்டால் மாமல்லபுரம். அப்பா அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமாகப் போனால் மாமல்லபுரத்திலேயே தங்கி, சறுக்குகிறவர் மட்டும் விடியலில் கடலுக்குப் போய்விட்டு டிபனுக்கு வந்து சேரலாம். தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் மூடினால் கண்ணை மூடிக்கொண்டு மேற்கு: கூட்டமாக என்றால் வர்க்கலை, தனியாக என்றால் முல்கி. வயதான முழங்கால்கள் கூட வந்தால் வர்க்கலையில் குன்றின் உச்சியில் ரூம் போட வேண்டாம். கடலுக்கு இறங்கும் படிகள் செங்குத்து. தனியாகப் போகிற பெண்களுக்கு வர்க்கலை, கோவளம் இரண்டுமே பழகிய ஊர்கள்தான். எனக்கு முல்கிதான் அதில் இன்னும் நிம்மதியாகத் தோன்றுகிறது, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ள வந்தவர்கள்.

செலவில் பெரிய வித்தியாசம் வகுப்புக் கட்டணத்தில் வராது. ஒன்றரை மணி நேர வகுப்புக்குப் பலகையோடு சேர்த்து 1,500-லிருந்து 2,500 ரூபாய்க்குள் இருக்கும். ரூம் வாடகையும் பயணமும்தான் பட்ஜெட்டைத் தீர்மானிக்கும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் போனில் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? மூன்றுக்கு மேல் என்றால் வேறு பள்ளி பாருங்கள். எட்டுப் பேரைத் தண்ணீரில் நிறுத்தி ஒருவர் மாற்றி ஒருவராகத் தள்ளிவிடுகிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், முறை வருவதற்குள் குளிர் எடுத்துவிட்டது. முதல் நாளுக்குக் கொடுக்கிற பலகை மெத்தென்று எட்டு, ஒன்பது அடியில் இருக்குமா? சின்னப் பலகை ஸ்டைலாகத் தெரியும், எழுந்து நிற்க விடாது. கடல் மோசமாக இருந்தால் வகுப்பை வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "எங்க கடல் எப்பவுமே நல்லா இருக்கும் சார்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணைப் போடுங்கள்.